திருவனந்தபுரத்து இசை வரலாறும் தமிழ்க் கீர்த்தனை மரபும்

முன்னுரை

ஒரு நகரத்தின் இசை வரலாற்றை எழுதப் புகுவோர் அந்நகரை ஆண்ட மன்னர், அவர் ஆதரித்த வித்துவான்கள், அவர்தம் உருப்படிகள் என்னும் வரிசையிலேயே பெரும்பாலும் எழுதிச் செல்வர். தஞ்சாவூர், மைசூர், திருவனந்தபுரம் ஆகிய நகரங்களின் இசை வரலாறுகள் இவ்வகையில் அமைந்தவையே. இம்முறையில் அரண்மனைக்குள் நிகழ்ந்தவை விரிவாகப் பதிவு பெறுகின்றன; அரண்மனைக்கு வெளியே தெருவிலும் பஜனை மடத்திலும் நிகழ்ந்தவை ஓரிரு வரிகளில் முடிந்துவிடுகின்றன. திருவனந்தபுரத்தைப் பொறுத்தவரை இதனால் விடுபட்டுப்போனது தமிழ்க் கீர்த்தனை மரபாகும். கேரள இசை வரலாறு அதனை அயல்மொழி மரபாகக் கருதி ஒதுக்கியது. தமிழிலக்கிய வரலாறு அதனை இசைத்துறைக்கு உரியது எனக் கருதி ஒதுக்கியது. இவ்விரு ஒதுக்கங்களின் காரணங்களை ஆராய்ந்து, நீலகண்ட சிவன் முதலானோரின் பாடல்களை இலக்கியமாகப் படிக்க வேண்டியதன் தேவையை எடுத்துரைப்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நகரும் மொழியும்

திருவனந்தபுரத்தைப் பற்றிய தொன்மையான பாடல்களுள் ஒன்று தமிழில் அமைந்துள்ளது. நம்மாழ்வார் திருவாய்மொழியின் பத்தாம் பத்தில் இரண்டாம் திருவாய்மொழியை அனந்தபுரத்து இறைவனுக்கே உரியதாக்கியுள்ளார். 1795இல் திருவிதாங்கூரின் தலைநகர் பத்மநாபபுரத்திலிருந்து திருவனந்தபுரத்திற்கு மாற்றப்பட்டபோது, தமிழ் வழங்கும் தென்பகுதியோடு புதிய தலைநகர் கொண்டிருந்த உறவு அறுபடவில்லை. ஆண்டுதோறும் நவராத்திரிக்குப் பத்மநாபபுரத்துச் சரஸ்வதியும், வேளிமலைக் குமாரசுவாமியும், சுசீந்திரத்து முன்னுதித்த நங்கையும் திருவனந்தபுரத்திற்கு எழுந்தருளுகின்றனர். அச்சரஸ்வதி கம்பர் வழிபட்ட திருவுரு என்பது அப்பகுதியில் வழங்கும் மரபுச் செய்தி. அதன் வரலாற்று உண்மை எவ்வாறாயினும், தலைநகரின் இசைவிழாவுக்கு உரிய தெய்வத்தை மக்கள் ஒரு தமிழ்க் கவிஞரோடு இணைத்துப் பேசினர் என்பது கருதத்தக்கது.

தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் 1956 நவம்பர் 1ஆம் நாள் சென்னை மாநிலத்தோடு இணையும்வரை நாகர்கோவிலும் திருவனந்தபுரமும் ஒரே ஆட்சிப்பரப்பில் இருந்தன. எனவே 19ஆம் நூற்றாண்டில் நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரத்திற்கு வந்து பாடிய ஒருவரை வெளியூர்க் கலைஞர் என்று வகைப்படுத்துவது, பின்னாளில் வரையப்பட்ட எல்லையை முன்னாளின்மீது ஏற்றுவதாகும். 'உள்ளூர்க் கலைஞர்' என்னும் சொல்லின் பொருளை முதலில் வரையறுத்துக்கொண்டாலன்றி இந்நகரின் இசை வரலாற்றை எழுத இயலாது.

அரண்மனையை மையமிட்ட வரலாறு

சுவாதித் திருநாள் (1813–1846) 1829 முதல் ஆட்சி செய்த காலம் இந்நகரின் இசைப் பொற்காலமாகப் போற்றப்படுகிறது. தஞ்சை நால்வர் அவருடைய அவைக்கு வந்தனர். அவர்களுள் வடிவேலு வயலினைக் கருநாடக இசைக்கு உரிய கருவியாக்கியவர்களுள் ஒருவர். மன்னர் 1834இல் அவருக்கு யானைத் தந்தத்தாலான வயலினைப் பரிசளித்த செய்தி பலராலும் எடுத்துக்காட்டப்படுவது. பாலக்காட்டுப் பரமேசுவர பாகவதரும் (1815–1892) இவ்வவையின் புகழ்பெற்ற வித்துவானாவார். நவராத்திரி மண்டபத்தில் ஒன்பது நாளும் பாடப்படும் சுவாதித் திருநாளின் ஒன்பது கீர்த்தனைகளும் வடமொழியில் அமைந்தவை.

இப்பொற்காலத்தை மறுப்பது நம் கருத்தன்று. ஆயின் அதனைப் பற்றிய விவாதங்கள் யாவும் மன்னரையே சுற்றிவருவது ஆய்வுக்குரியது. 1980களில் வீணை எஸ். பாலசந்தர் (1927–1990) சுவாதித் திருநாள் என்னும் பாடலாசிரியரின் இருப்பையே ஐயுற்றுக் கடுமையான விவாதத்தைத் தொடங்கினார். அதற்கு மறுப்புகளும் பல எழுந்தன. இருதரப்பினரும் எழுப்பிக்கொண்ட வினா ஒன்றே: பாடல்களை மன்னர் இயற்றினாரா, இல்லையா? பாடல்களுக்கு இசை அமைத்தவர் யார், தலைமுறைதோறும் அவற்றைப் பாடிக் காத்தவர் யார், சுரப்படுத்தி அச்சிட்டவர் யார் என்னும் வினாக்கள் பின்தள்ளப்பட்டன. வடிவேலு, முல்லைமூட்டுப் பாகவதர்கள், 20ஆம் நூற்றாண்டில் ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதர், செம்மங்குடி சீனிவாச ஐயர் ஆகியோரின் பங்கை உள்ளடக்கிய கூட்டுப்படைப்பாக அப்பாடல் தொகுதியை நோக்கியிருப்பின் விவாதத்தின் போக்கே மாறியிருக்கும். மன்னரைப் போற்றுவோரும் மறுப்போரும் ஒருங்கே கலைஞர்களை மறந்தனர் எனலாம்.

நீலகண்ட சிவனின் கீர்த்தனைகள்

அரண்மனைக்கு வெளியே வளர்ந்த மரபின் தலைமைக் கவிஞர் நீலகண்ட சிவன் (1839–1900). நாகர்கோவிலை அடுத்த வடிவீசுவரத்தில் பிறந்து, பத்மநாபபுரத்திலும் திருவனந்தபுரத்திலும் வாழ்ந்தவர். அவருடைய கீர்த்தனைகள் அவைக்காகப் பாடப்பட்டவையல்ல. பஜனையில் பலர் கூடிப் பாடுவதற்கானவை. இந்நோக்கமே அவற்றின் சொல்லமைப்பைத் தீர்மானித்தது. கேட்டவுடன் பொருள் விளங்க வேண்டும். பல்லவியைக் கூட்டத்தார் உடனே வாங்கிப் பாட வேண்டும். சரணம் நீண்டாலும் எதுகை அதனைத் தாங்கிச் செல்ல வேண்டும்.

முகாரி இராகத்தில் அமைந்த 'என்றைக்குச் சிவகிருபை' என்னும் கீர்த்தனையை இதற்குச் சான்றாகக் கொள்ளலாம். தலைப்பே வினாவாக அமைந்துள்ளது. தேவாரப் பதிகங்கள் பலவற்றில் இறுதிப்பாடல் திருக்கடைக்காப்பாக நின்று, பாடுவோர் பெறும் பயனைக் கூறிப் பதிகத்தை நிறைவு செய்கிறது. வேண்டுதலுக்கு அங்கே ஒரு மறுமொழி கிட்டிவிடுகிறது. கீர்த்தனையின் அமைப்போ வேறு. சரணம் முடிந்ததும் பாடகர் பல்லவிக்கே மீள வேண்டும். இப்பாடலில் பல்லவி வினாவாக இருப்பதால், ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் விடையின்மையே எஞ்சுகிறது. அருள் எப்போது வரும் என்னும் வினா பாடல் முடிந்த பின்னும் வினாவாகவே நிற்கிறது. சோகச் சுவைக்குரியதாக மரபு கூறும் முகாரி இதற்குத் துணைசெய்கிறது. இசைவடிவம் பொருளைப் புலப்படுத்தும் கருவியாகவே இங்குச் செயற்படுகிறது. சொல்லை மட்டும் தனியே எடுத்து யாப்பு நோக்கில் ஆராய்ந்தால் இத்திறம் புலப்படாது.

கன்றின் குரல் கேட்டு இரங்கிவரும் பசு என்னும் உவமை இக்கீர்த்தனையில் இடம்பெறுகிறது. கன்றை ஈன்ற பசுவின் மனத்தைத் திருவாசகமும் உவமையாக்குகிறது. ஆயின் அங்கு உருகும் பசு அடியவரின் உள்ளம். நீலகண்ட சிவனிடத்தில் அடியவர் கன்றாகவும் இறைவன் பசுவாகவும் இடம் மாறுகின்றனர். உருகவேண்டிய பொறுப்பு இறைவனைச் சேர்கிறது. பழைய உவமையை எடுத்துக்கொண்டு உறவின் திசையை மாற்றிய இக்கவிஞரைச் சைவ இலக்கியத் தொடர்ச்சியில் வைத்து ஆராய்வது முறையாகும். அவரை வெறும் 'சாகித்தியகர்த்தா' என்று கூறி இசைத்துறைக்கு அனுப்பிவிடுவது பொருந்தாது.

இலட்சுமணப் பிள்ளையும் பாபநாசம் சிவனும்

தி. இலட்சுமணப் பிள்ளை (1864–1950) திருவனந்தபுரத்தில் வாழ்ந்து, அரசுப் பணியாற்றி, தமிழில் கீர்த்தனைகள் இயற்றியவர். தமிழிசை இயக்கத்தின் வரலாறு 1941இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் கூடிய மாநாட்டையும், 1943இல் சென்னையில் நிறுவப்பெற்ற தமிழ் இசைச் சங்கத்தையும் முதன்மைப்படுத்திச் சொல்லப்படுகிறது. 1941இல் இலட்சுமணப் பிள்ளைக்கு அகவை 77. மலையாளமும் வடமொழியும் செல்வாக்குப் பெற்ற நகரில், இயக்கத்தின் பின்புலம் ஏதுமின்றி, தம் தாய்மொழி என்பதனாலேயே தமிழில் பாடியவர் அவர். தமிழிசை என்பது எதிர்ப்பாக உருவெடுப்பதற்கு முன்பே இயல்பான வழக்காக இருந்தது என்பதற்கு அவருடைய படைப்பு வாழ்வு சான்று. இயக்க வரலாறு இச்சான்றைப் பயன்படுத்திக்கொள்ளவில்லை.

பாபநாசம் சிவன் (1890–1973) நிலை இதனின் வேறு. அவர் புகழ் பெற்றவர். ஆனால் அவரை உருவாக்கிய நகரம் மறக்கப்பட்டது. தஞ்சை மாவட்டத்துப் போலகத்தில் பிறந்த அவர், தந்தையை இழந்தபின் சிறுவயதிலேயே தாயுடன் திருவனந்தபுரம் வந்து, அங்கு வடமொழிக் கல்லூரியில் இலக்கணம் பயின்று, 1910இல் தாய் மறைந்த பின்னரே நகரைவிட்டு நீங்கினார். நீலகண்ட சிவனின் பாடல்களிலும் பஜனை முறையிலும் அவர் தோய்ந்தது இக்காலத்தில்தான். பின்னாளில் சென்னை மயிலாப்பூரின் மாடவீதிகளில் மார்கழி பஜனையை அவர் நடத்தியதையும், எளிய தமிழில் திரைப்பாடல் எழுதியதையும் இப்பயிற்சியின் தொடர்ச்சியாகக் காணலாம். அவரைத் 'தமிழ்த் தியாகையர்' என்று அழைப்பது பெருமைக்குரியதே. எனினும் அத்தொடர் அவரைக் காவிரிக்கரை மரபோடு மட்டும் பிணைத்து, திருவனந்தபுரத்தில் அவருக்கு முன்னோடியாக விளங்கிய தமிழ்க் கவிஞரை மறைத்துவிடுகிறது.

நிறுவனமும் பாடத்திட்டமும்

1939இல் சுவாதித் திருநாள் பெயரால் இசைக் கல்விக்கூடம் தொடங்கப்பெற்றது. முத்தையா பாகவதர் (1877–1945) அதன் முதல் தலைவர். அவரைத் தொடர்ந்து செம்மங்குடி (1908–2003) பொறுப்பேற்றார். மன்னரின் பாடல்களைத் தேடித் திரட்டிச் சுரப்படுத்தி வெளியிட்டதில் இவ்விருவரின் உழைப்பு பெரிது. தமிழகத்திலிருந்து வந்த தமிழ்க் கலைஞர்களே அரண்மனை மரபை மீட்டெடுத்தனர் என்பது நினைக்கத்தக்கது. ஒரு மரபு பாடத்திட்டமாக மாறும்போது அதற்கு நூலும் சுரக்குறிப்பும் தேர்வும் கிடைக்கின்றன. பாடத்திட்டத்தில் உரிய இடம் பெறாத மரபு பாடுவோரின் நினைவை மட்டுமே நம்பி வாழ வேண்டியுள்ளது. பஜனை மரபின் தமிழ்க் கீர்த்தனைகளுக்கு நேர்ந்தது பெரிதும் இதுவே.

நிறுவனத்தின் மற்றொரு விளைவையும் பதிவு செய்ய வேண்டும். எல்லையோர ஊரான பாறசாலையைச் சேர்ந்த பொன்னம்மாள் (1924–2021) இக்கல்விக்கூடத்தின் தொடக்ககால மாணவி. பின்னர் அங்கேயே ஆசிரியரானவர். ஆயினும் நவராத்திரி மண்டபத்தில் பெண் பாடுவதில்லை என்னும் வழக்கம் அவர் பாடியதால் 2006இல்தான் முறிந்தது. அப்போது அவருக்கு அகவை 80ஐக் கடந்திருந்தது. கல்விக்கூடம் 1939க்குப் பின் பெண்ணுக்குக் கல்வியும் பதவியும் தந்தது; மண்டபம் ஏறத்தாழ 67 ஆண்டுகள் காத்திருக்கச் செய்தது. உள்ளூர்க் கலைஞர் என்னும் தகுதி ஊரால் மட்டும் அமைவதன்று; பாலும் மொழியும் அதனைக் கட்டுப்படுத்தின என்பதற்கு இது தெளிவான சான்றாகும்.

தமிழிலக்கிய வரலாற்றின் விடுபாடு

குறையைப் பிறர்மேல் மட்டும் சுமத்துவதற்கில்லை. பெ. சுந்தரம் பிள்ளை (1855–1897) திருவனந்தபுரத்து மகாராசர் கல்லூரியில் பேராசிரியராக இருந்தவர். 1891இல் வெளியான மனோன்மணீயத்தை விடுத்துத் தமிழிலக்கிய வரலாறு எழுதுவார் இலர். அவர் வாழ்ந்த அதே நகரில், அதே ஆண்டுகளில் பாடிய நீலகண்ட சிவனுக்கு அவ்வரலாறுகளில் உரிய இடம் கிடைக்கவில்லை. ஒருவர் நூலை அச்சிட்டார். மற்றவர் பாடினார் என்பதே வேறுபாட்டின் அடிப்படை. மனோன்மணீயம் படிப்பதற்குரிய நாடகமாகவே அமைந்து, மேடையேறாமலும் இலக்கியமாக நிலைபெற்றது. ஒவ்வொரு மேடையிலும் ஒலிக்கும் கீர்த்தனை இலக்கியமாகக் கொள்ளப்படவில்லை.

ஏற்புடைய கவிஞரும் கீர்த்தனை எழுதினால் இந்நிலையே. கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை திருவனந்தபுரத்தில் ஆசிரியப் பணியாற்றியவர். அவருடைய 'மலரும் மாலையும்' பெற்ற கவனத்தைத் 'தேவியின் கீர்த்தனங்கள்' பெறவில்லை. ஆகவே சிக்கல் ஆசிரியரின் தகுதியைச் சார்ந்ததன்று; வடிவத்தைப் பற்றிய நம் மனப்பாங்கைச் சார்ந்தது. முத்தமிழ் என்று வாயாரச் சொல்லும் துறை, பாடத்திட்டம் வகுக்கும்போது இயலை மட்டுமே தமிழாகக் கொள்கிறது. சிலப்பதிகாரத்தின் இசைக்கூறுகளை நுணுகி ஆராயும் நாம், நூறு ஆண்டுகளுக்கு முன் பக்கத்துத் தெருவில் பாடப்பட்ட தமிழை ஆராயத் தயங்குகிறோம்.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் புலப்படும் கருத்துகள் மூன்று. முதலாவது, திருவனந்தபுரத்தின் இசை வரலாறு அரண்மனை, பஜனை மடம், கல்விக்கூடம் என்னும் மூன்று களங்களையும் ஒருங்கே கொண்டு எழுதப்பட வேண்டும். இரண்டாவது, உள்ளூர்க் கலைஞர் என்பதனை இன்றைய மாநில எல்லையால் அளவிடாமல், அவர் பாடிய காலத்துச் சமூகப் பரப்பால் அளவிட வேண்டும். மூன்றாவது, கீர்த்தனையைச் சொல்லும் இசையும் இணைந்த இலக்கிய வடிவமாகக் கொண்டு, பல்லவிக்கு மீளும் அமைப்பு பொருளை எவ்வாறு உருவாக்குகிறது என்று ஆராயும் திறனாய்வு முறை தமிழில் வளர வேண்டும்.

தமிழகத்திற்கு வெளியே இயங்கும் தமிழ்த்துறைகளுக்கு இதில் தனிப்பொறுப்பு உண்டு. அவை அமைந்துள்ள நகரங்களில் பாடப்பட்ட தமிழைத் தொகுத்துப் பதிப்பிப்பது அவற்றாலேயே எளிதில் இயலும். நீலகண்ட சிவன், இலட்சுமணப் பிள்ளை ஆகியோரின் கீர்த்தனைகளுக்குப் பாடவேறுபாடுகளுடன் கூடிய ஆய்வுப்பதிப்பு வெளிவருவது முதற்பணி. அப்பாடல்களைக் கேள்வி வழியாகக் கற்று இன்றும் பாடும் முதியோர் உள்ளபோதே இப்பணியைத் தொடங்க வேண்டும்; அவர்தம் நினைவே இம்மரபின் மூலச்சுவடி.