பெட்ரோல் ஆட்டோமேட்டிக்கா, டீசல் மேனுவலா: வெள்ளோட்டம் சொல்வதும் சொல்லாததும்

சில ஆண்டுகளுக்கு முன்புவரை, சின்ன செடான் வாங்கக் கிளம்பிய குடும்பம் நிறம், டிக்கி, பின்சீட் எல்லாம் பேசி முடித்தபின் கடைசியில் மாட்டிக்கொண்ட கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான். பெட்ரோல் ஆட்டோமேட்டிக் எடுப்பதா, டீசல் மேனுவல் எடுப்பதா? பெட்ரோல் மேனுவலைவிட டீசல் ஏறக்குறைய ஒரு லட்சம் ரூபாய் கூடுதலாக இருந்தது. ஆட்டோமேட்டிக் கியருக்கும் கிட்டத்தட்ட அதே அளவு கூடுதல். இரண்டும் சேர்ந்தால் பட்ஜெட் தாங்காது, ஏதாவது ஒன்றுக்குத்தான் பணம் இருந்தது. அப்போது ஷோரூம்காரர் சொன்ன தீர்வு, “ரெண்டையும் ஓட்டிப் பாருங்க சார், உங்களுக்கே தெரிஞ்சிடும்.”

ஓட்டினால் தெரிந்துவிடும் என்ற இந்த நம்பிக்கை எவ்வளவு தூரம் சரி? ஒரே காரை எடுத்துக்கொண்டால்தான் இதைச் சரியாகப் பேச முடியும். 2018இல் வந்த இரண்டாம் தலைமுறை ஹோண்டா அமேஸ் அதற்குப் பொருத்தமானது. ஒரே உடலில் பெட்ரோல் மேனுவல், பெட்ரோல் சிவிடி (அதன் ஆட்டோமேட்டிக் கியர்), டீசல் மேனுவல், டீசல் சிவிடி என்று நான்கும் அதில் கிடைத்தன.

முதலில் கவனிக்க வேண்டியது, இந்தப் போட்டி தொடக்கத்திலிருந்தே சமமானதாக இல்லை. கார் நாலு மீட்டருக்குள் இருந்து, பெட்ரோல் இன்ஜின் 1,200 சிசியையும் டீசல் இன்ஜின் 1,500 சிசியையும் தாண்டாமல் இருந்தால்தான் சின்னக் காருக்கான வரிச் சலுகை கிடைக்கும். அதனால்தான் அமேஸ் 3,995 மில்லிமீட்டரில் நிற்கிறது, பெட்ரோல் 1,199 சிசி, டீசல் 1,498 சிசி என்று அமைந்திருக்கிறது. பெட்ரோலில் 90 பிஎஸ் ஆற்றல், 110 என்எம் இழுவிசை, அதுவும் 4,800 ஆர்பிஎம்மில். டீசலில் 100 பிஎஸ், 200 என்எம், வெறும் 1,750 ஆர்பிஎம்மில். ஆக, வாங்குபவர் எரிபொருளை ஒப்பிடுவதாக நினைத்து ஓட்டும்போது, வரிச் சட்டம் வெட்டிக் கொடுத்த ஒரு சின்ன இன்ஜினையும் ஒரு பெரிய இன்ஜினையும் ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறார்.

பெட்ரோல் சிவிடியில் ஏறி உட்கார்ந்து, பிரேக்கிலிருந்து காலை எடுத்தால் வண்டி தானாக நகர்கிறது. சிக்னல், யூ டர்ன், பார்க்கிங் எல்லாம் வலது கால் ஒன்றாலேயே முடிந்துவிடும். கியர் மாறுவதே தெரியாது. மாறுவதற்கு அங்கே பல்சக்கரப் படிகளும் இல்லை. இரண்டு கப்பிகளுக்கு நடுவே ஓடும் உலோகப் பட்டை இடைவிடாமல் விகிதத்தை மாற்றிக்கொண்டே போகிறது. மெதுவாக மிதித்தால் இதைப் போலச் சுகம் வேறில்லை. ஆனால் ஒரு லாரியை முந்த வேண்டி ஆக்ஸிலரேட்டரை ஆழ மிதித்துப் பாருங்கள். இன்ஜின் சத்தம் முதலில் மேலேறுகிறது, வேகம் அதன் பின்னால் நிதானமாக வருகிறது. பயப்படும்படி ஒன்றும் ஆவதில்லை, ஆனால் கால் கேட்டதற்கும் வண்டி கொடுத்ததற்கும் நடுவே இருக்கும் அந்த இடைவெளி சிலருக்கு எப்போதும் பழகாது.

டீசல் மேனுவலில் எல்லாமே வேறு. முன்பக்க எடை கூடுதல், மொத்தத்தில் சுமார் நூறு கிலோ வித்தியாசம். ஸ்டியரிங்கில் அது தெரிகிறது. கிளட்ச் கனமானது, நின்றுகொண்டிருக்கும்போது காலடியில் ஒரு அதிர்வு இருந்துகொண்டே இருக்கிறது. 1,700 ஆர்பிஎம்முக்குக் கீழே டர்போ விழித்துக்கொள்ளாத நேரத்தில் வண்டி சோம்பலாக இருக்கும், ஸ்பீட் பிரேக்கர் தாண்டி இரண்டாம் கியரிலேயே ஏற்றப் பார்த்தால் திணறும். அதற்கு மேலே போனால் இழுவை தாராளம். மூன்றாம் கியரில் போட்டு விட்டுவிட்டாலே பாதி ஊரை ஓட்டிவிடலாம்.

இதுவரை சொன்னதெல்லாம் பத்து நிமிட ஓட்டத்தில் உண்மையாகவே தெரியக்கூடியவை. வெள்ளோட்டத்தின் பலமும் இதுதான். சீட்டின் உயரம் உங்கள் இடுப்புக்குச் சரிப்படுகிறதா, கிளட்சை முழுவதும் அழுத்தும்போது முழங்கால் டாஷ்போர்டை இடிக்கிறதா, முன்கண்ணாடி ஓரத்து ஏ பில்லர் வளைவில் கண்ணை மறைக்கிறதா, ஆட்டோமேட்டிக் நகரும் விதம் உங்கள் காலுக்கு ஒத்துவருகிறதா என்பதை எந்தப் பத்திரிகை விமர்சனமும் சொல்ல முடியாது. என்எம் கணக்கையும் பிஎஸ் கணக்கையும் எழுதுகிறவன் நான், ஆனாலும் இந்த விஷயங்களில் உங்கள் முழங்காலுக்குத்தான் தீர்ப்பு சொல்லும் உரிமை. வெள்ளோட்டம் இல்லாமல் இணையத்தில் பார்த்தே கார் பதிவுசெய்கிற இன்றைய பழக்கத்தை அதனால்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

சிக்கல் எங்கே என்றால், அந்தப் பத்து நிமிடத்தில் தெரிந்துகொண்டதைவிட அதிகமாக முடிவுசெய்துவிடுகிறோம். இரண்டு கார்களுக்கும் நடுவே ஒரே நேரத்தில் இரண்டு விஷயங்கள் மாறுகின்றன: இன்ஜினும் கியரும். ஓட்டி முடித்து இறங்குபவர், “பெட்ரோல் வண்டி மந்தமா இருக்கு” என்கிறார். அவர் உணர்ந்த மந்தத்தில் ஒரு பங்கு சிவிடியுடையது, ஒரு பங்கு 1.2 லிட்டர் இன்ஜினுடையது. “டீசல் ஓட்டினா களைப்பா இருக்கு” என்பவர் உணர்ந்தது பெரும்பாலும் கிளட்சின் களைப்பு. எது எதனுடையது என்று பிரிக்க அவருக்கு வழியே இல்லை. இதற்கு மருந்து எளிது. மூன்றாவதாகப் பெட்ரோல் மேனுவலையும் ஓட்ட வேண்டும், வாங்கப் போவதில்லை என்றாலும். அதற்கும் சிவிடிக்கும் உள்ள வேறுபாடு கியருடையது, அதற்கும் டீசல் மேனுவலுக்கும் உள்ள வேறுபாடு இன்ஜினுடையது. டீசல் சிவிடி கிடைத்தால் அதுவும் நல்லது, ஆனால் அங்கே ஒரு நுணுக்கம் உண்டு. அந்தக் கியரோடு சேர்த்தபோது ஹோண்டா டீசலை 80 பிஎஸ், 160 என்எம் என்று குறைத்துத்தான் கொடுத்தது. டீசலின் முழு இழுவையை அதில் தேடக் கூடாது.

பாதை இன்னொரு குறை. ஷோரூம் இருப்பது பெரிய சாலை ஓரத்தில். நல்ல தார், ஒரு யூ டர்ன், மறுபடி ஷோரூம். இன்ஜின் ஏற்கெனவே சூடாகியிருக்கும். விடிகாலையில் குளிர்ந்த டீசல் போடும் டக டக சத்தம் வாங்குபவர் காதில் விழுவதே இல்லை. வண்டியில் இரண்டு பேர், டிக்கி காலி. குடும்பத்தோடு ஐந்து பேர், ஏசி, 420 லிட்டர் டிக்கி நிறையப் பை என்று ஏற்றினால் 110 என்எம் பெட்ரோல் எப்படி மாறும் என்பது அங்கே தெரியாது. மலை என்றால் இன்னும் தூரம். ஏற்காடு போகும் வழியில் 20 கொண்டை ஊசி வளைவுகள், கொல்லிமலையில் 70. உதகை 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, அங்கே காற்றின் அடர்த்தி கடலோரச் சென்னையைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. டர்போ இல்லாத பெட்ரோல் இன்ஜின் அந்த அளவுக்கு ஆற்றலை இழக்கிறது. டர்போ டீசல் அந்தக் குறையில் பெரும்பகுதியைத் தானே ஈடுகட்டிவிடும். இறங்கும்போதோ மேனுவலில் இரண்டாம் கியர் போட்டால் இன்ஜினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். சிவிடியில் அதே வேலைக்கு ‘எல்’ நிலைக்கு மாற்ற வேண்டும். அந்த நிலையைத் தொட்டுப் பார்க்காமலே ஆட்டோமேட்டிக் வாங்கி, மலையிலிருந்து பிரேக் தீய்ந்த நாற்றத்தோடு இறங்குபவர்கள் உண்டு. சமவெளி ஷோரூமிலேயே ஒரு மேம்பாலச் சரிவில் ‘எல்’ போட்டுக் காட்டச் சொல்லிக் கேட்கலாம். யாரும் கேட்பதில்லை என்பது எனக்கு உண்மையான வருத்தம், ஏனென்றால் இது உயிர் சம்பந்தப்பட்டது.

இனி பணம். 2018 அமேஸ் டீசல் மேனுவலின் சான்றளிக்கப்பட்ட மைலேஜ் லிட்டருக்கு 27.4 கிலோமீட்டர், பெட்ரோல் சிவிடிக்கு 19. ஆய்வகத்தில் எடுத்த எண்கள், சாலையில் இரண்டுமே இறங்கும். நகரமும் நெடுஞ்சாலையும் கலந்து டீசல் 18, பெட்ரோல் ஆட்டோமேட்டிக் 13 தரும் என்றும், லிட்டர் விலை பெட்ரோல் 100, டீசல் 92 ரூபாய் என்றும் வைத்துக்கொள்வோம். கிலோமீட்டருக்குச் சுமார் இரண்டரை ரூபாய் வித்தியாசம். மாதம் 800 கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு 2,000 ரூபாய், 2,000 கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு 5,000 ரூபாய்க்கு மேல். காரின் விலை ஏறக்குறைய சமம் என்பதால் இந்தத் தொகை முதல் மாதத்திலிருந்தே கைக்கு வரும். டீசலுக்கு சர்வீஸ் செலவு கூடுதல் என்று ஒரு பங்கைக் கழித்தாலும் மிச்சம் இருக்கும். எனவே உண்மையான கேள்வி இப்படி நிற்கிறது: உங்கள் இடது காலின் ஓய்வுக்கு மாதம் எவ்வளவு கொடுப்பீர்கள்? சென்னையில் கிண்டியிலிருந்து தாம்பரம் வரை மாலை நேரத்தில் தினமும் ஊர்ந்து போகிறவர் 2,000 ரூபாயைச் சந்தோஷமாகக் கொடுக்கலாம். வாரந்தோறும் திருச்சிக்கோ மதுரைக்கோ போகிறவர் 5,000 கொடுப்பது வீண். வெள்ளோட்டம் இந்தக் கணக்கின் இரண்டு பக்கத்தையும் காட்டுவதில்லை. பத்து நிமிடத்தில் எந்தக் காலும் வலிக்காது, எந்த டேங்க்கும் குறையாது.

இந்தக் கணக்குக்குள் இன்னொன்றும் ஒளிந்திருக்கிறது. 2020 ஏப்ரலில் பிஎஸ்6 என்ற புகை விதி வந்தபின் டீசல் கார்களில் புகைக்கரியைப் பிடிக்கும் டிபிஎஃப் வடிகட்டி இடம்பெற்றது. பிடித்த கரியை எரித்துத் தன்னைச் சுத்தம் செய்துகொள்ள அதற்கு நல்ல சூடும் தொடர்ந்த ஓட்டமும் தேவை. பள்ளிக்கூடம், காய்கறிக் கடை என்று குட்டிக் குட்டிப் பயணமாக ஓட்டினால் அடைத்துக்கொள்ளும். வெள்ளோட்டத்தில் மயக்கிய அந்த 200 என்எம் இழுவை, தவறான வாழ்க்கைமுறைக்குள் வந்து சேர்ந்தால் தொல்லையாக மாறுவது இப்படித்தான்.

பிஎஸ்6 கேட்ட இந்தப் புகைச் சுத்திகரிப்பின் செலவைச் சின்ன டீசல் கார் தாங்கவில்லை. மாருதி 2020இலேயே டீசலைக் கைவிட்டது, அமேஸ் டீசல் 2023இல் நின்றது. இன்று நாலு மீட்டருக்குள் புதிய டீசல் செடான் எதுவும் இல்லை. அதனால் இந்த ஒப்பீடு பழைய கார் சந்தைக்கு இடம்பெயர்ந்திருக்கிறது, அங்கே வெள்ளோட்டத்தின் வேலை இன்னும் கடினம். விற்பவர் இன்ஜினைச் சூடாக்கி வைத்துக் காத்திருந்தால், பானெட்டில் கை வைத்துப் பார்த்துவிட்டு மறுநாள் காலை வருவதாகச் சொல்லித் திரும்பிவிடுங்கள். டீசல் என்றால் குளிர்ந்த நிலையில் முதல் முடுக்கில் வரும் புகையையும், கிளட்ச் எவ்வளவு உயரத்தில் பிடிக்கிறது என்பதையும் பாருங்கள். சிவிடி என்றால் வேகமாக ஓட்டிப் பார்ப்பதால் பயன் குறைவு. நெரிசலில் நடை வேகத்தில் ஊர்ந்து பார்த்து உதறல் இருக்கிறதா என்று கவனியுங்கள், பிறகு சிவிடி எண்ணெய் மாற்றிய சர்வீஸ் பதிவைக் கேளுங்கள். அந்தப் பதிவு இல்லாத ஆட்டோமேட்டிக்கை, அது எவ்வளவு வழுக்கிக்கொண்டு ஓடினாலும், நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.