முடிச்சூரில் ஓர் ஆங்கில மரபுத்தொடர்

மேற்குத் தாம்பரத்தில் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளின் பையில் ஒரு ஜெராக்ஸ் கட்டு கட்டாயம் இருக்கும். இடப்பக்கம் ஆங்கில மரபுத்தொடர், வலப்பக்கம் அதன் பொருள். சென்னை பீச் போகும் மின்சார ரயிலில் உட்கார இடம் கிடைத்தால் அதைப் பிரித்துவிடுவார்கள். ஆபத்து, தப்பிப்பது, தாக்குப்பிடிப்பது பற்றிய தொடர்களுக்கு அதில் பஞ்சமே இல்லை.

இந்த மனப்பாடத்தைக் கேலி செய்வது எளிது, ஆனால் நியாயமில்லை. மத்திய அரசு வேலைகளுக்கு எஸ்.எஸ்.சி. நடத்தும் சி.ஜி.எல். முதல்நிலைத் தேர்வில் 100 கேள்விகளுக்கு 60 நிமிடம். ஆங்கிலத்துக்கு 25 கேள்வி, 50 மதிப்பெண். தவறாக எழுதினால் அரை மதிப்பெண் போய்விடும். பத்தியைப் படித்து விடை தேடும் கேள்வி நேரத்தை விழுங்கும். மரபுத்தொடர் தெரிந்திருந்தால் நொடிகளில் முடியும். வீட்டுக்கு ஆங்கிலப் பேப்பர் வராத, குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கிய பெண், கான்வென்ட்டில் படித்தவர்களோடு போட்டியிட இந்தப் பட்டியல்தான் கைகொடுக்கிறது. காசும் அதிகமில்லை. யாருடைய தயவும் வேண்டாம்.

ஆனால் தேர்வு கேட்பது பொருளை மட்டும். அதை யார், யாரிடம், எவ்வளவு பெரிய ஆபத்தைப் பற்றிச் சொல்வார்கள் என்று கேட்பதில்லை. கேட்காததைப் பட்டியலும் சொல்லித்தருவதில்லை.

எங்கள் பக்கத்து வெள்ளத்தையே உதாரணமாக எடுத்துக்கொள்வோம். 2015 டிசம்பர் 2 காலை வரையான 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் பெய்த மழை 49 சென்டிமீட்டர். பக்கத்திலுள்ள முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் தரைத்தளங்கள் மூழ்கின. மாடியில் நின்றபடி படகுக்குக் காத்திருந்தார்கள். அப்படிக் காத்திருந்த ஒருவர் அந்த அனுபவத்தை ஆங்கிலத்தில் எழுத உட்கார்ந்தால், பட்டியலில் முதலில் கண்ணில் படுவது ‘கீப் யுவர் ஹெட் அபவ் வாட்டர்’. தண்ணீருக்கு மேல் தலை; பொருத்தம்தானே என்று தோன்றும். ஆங்கிலத்தில் அது பெரும்பாலும் கடன், வாடகை, வேலைச்சுமை ஆகியவற்றில் மூழ்காமல் சமாளிப்பதைக் குறிக்கும். நிஜ வெள்ளத்தில் சிக்கியவர் சொன்னால் சிலேடையாகிவிடும். தண்ணீர் வடிந்த பிறகு, ஃபிரிட்ஜும் பைக்கும் போய், நகையை அடகு வைத்து ஓட்டிய மாதங்களுக்குத்தான் அது சரியாகப் பொருந்தும்.

‘டாட்ஜ் எ புல்லட்’ இன்னும் மோசமாகக் காலை வாரும். பட்டியலில் ‘நூலிழையில் தப்புதல்’ என்றிருக்கும். வரவிருந்த கெடுதல் நம்மீது படாமலே போனால்தான் அதைச் சொல்வார்கள். வீடு மூழ்கியவர் சொல்ல முடியாது. அந்த அக்டோபரில் முடிச்சூரில் மனைக்கு அட்வான்ஸ் கொடுக்கப் போய், மனம் மாறித் திரும்பியவர் தாராளமாகச் சொல்லலாம். ‘தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போச்சு’ என்பதும் தப்பித்தலைப் பற்றியதுதான். ஆனால் அதில் தலைப்பாகை போயிருக்க வேண்டும். ஒன்றும் இழக்காதவர் அதைச் சொன்னால் நம் வீட்டுக் கிழவிகூட ஒத்துக்கொள்ள மாட்டாள். தமிழில் இந்த அளவுகோலை யாரும் நமக்குச் சொல்லித்தந்ததில்லை; நூறு முறை காதில் விழுந்து வந்தது. ஆங்கிலத்துக்கும் அதுதான் வழி. பட்டியலோ அந்த நூறு முறையையும் ஒரே வரியாகச் சுருக்கிவிடுகிறது.

‘அவுட் ஆஃப் த வுட்ஸ்’ என்பதைப் பெரும்பாலும் எதிர்மறையில்தான் கேட்போம்: இன்னும் ஆபத்து நீங்கவில்லை. ஐ.சி.யூ. வாசலில் டாக்டர் சொல்வது போல. பட்டியலில் ‘ஆபத்திலிருந்து மீளுதல்’ என்று மட்டும் இருக்கும். முடிச்சூருக்கு அந்த எதிர்மறை வடிவமே சரி.    2015-இல் அங்கே புகுந்தது ஆதனூர், மணிமங்கலம் பக்கத்து ஏரிகள் நிரம்பி வந்த தண்ணீர். 2021-இலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் அது மறுபடி வந்தது.

பட்டியலோடு இலவச இணைப்பாக வரும் கதைகளையும் சொல்ல வேண்டும். ‘சேவ்டு பை த பெல்’ என்பதற்கு, உயிரோடு புதைக்கப்பட்டவர் கல்லறையிலிருந்து மணியடித்துப் பிழைத்தார் என்று ஒரு கதை சுற்றுகிறது. சுவையான பொய். குத்துச்சண்டையில் அடிவாங்கித் தள்ளாடுபவரைச் சுற்று முடியும் மணி காப்பாற்றுவதிலிருந்து வந்தது அது. தொடர் மனதில் தங்கட்டும் என்று வகுப்பில் அந்தக் கல்லறைக் கதையைச் சொல்கிறார்கள். தங்குவது என்னவோ கதைதான்.

தேர்வுக் காலம் முடிந்து, சோழிங்கநல்லூரிலோ சிறுசேரியிலோ ஐ.டி. வேலைக்குச் சேர்ந்த பிறகும் பட்டியலால் பலன் உண்டு. வெளிநாட்டு வாடிக்கையாளர் போனில் ஒரு தொடரைப் போட்டால் பளிச்சென்று புரியும். பதில் சொல்லும்போதுதான் வாய் கட்டிப்போகும். அதைத் தப்பென்று சொல்ல மாட்டேன். தெரியாத இடத்தில் மரபுத்தொடரைத் தவிர்ப்பது நல்ல ஆங்கிலமே.

ஆகவே தேர்வுக்குப் படிப்பவர் பட்டியலை விடவேண்டாம். கேள்வித்தாள் மாறாதவரை அவரைக் குறை சொல்லி என்ன பயன்? ஆனால் அதே ஜெராக்ஸை ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் கட்டணம் வாங்கிக்கொண்டு நடத்துவதற்குச் சாக்கு எதுவுமில்லை. அங்கே வருபவர் பேச வருகிறார். வாரத்துக்கு ஐந்து தொடர் போதும். ஒவ்வொன்றையும் யார், யாரிடம், என்ன நடந்த பிறகு சொல்வார்கள் என்று அவரையே நான்கு வாக்கியம் பேசவையுங்கள்.