மூன்றுக்கு ஆறு சொல்லும் சோதனை

பல்லுறுப்புக் கோவையின் மெய் மூலங்களைத் தேடுமுன், தேட வேண்டிய இடத்துக்கு வேலி போட்டுக்கொள்வது பழைய வழக்கம். ஒரு மூலம்கூடத் தெரியாத நிலையிலேயே ‘இதற்கு மேல் எதுவும் இல்லை’ என்று அடித்துச் சொல்ல முடிகிறதே, அதுதான் இந்த முறையின் பெருமை. ஆனால் பாடநூல்கள் அதற்குத் தரும் சோதனை பாதியில் நின்றுவிடுகிறது.

தலைக்கெழு மிகை எண்ணாக உள்ள கோவையை ஒரு மிகை எண்ணால் தொகுமுறை வகுத்தல் செய்கிறோம். கடைசி வரிசையில் குறை எண் எதுவும் இல்லையென்றால், வகுத்த எண் மேல் எல்லை. ஈவின் கெழுக்களும் மீதியும் குறை எண்களாக இல்லாதபோது, அந்த எண்ணுக்கு அப்பால் கோவை பூஜ்ஜியமாக வழியே இல்லை. இதுவரை குறை சொல்ல ஒன்றுமில்லை.

1, −6, 11, −6 என்ற கெழுக்கள் கொண்ட முப்படிக் கோவையை எடுத்துக்கொள்வோம். மூலங்கள் 1, 2, 3. நான்கால் வகுத்தால் வரிசை 1, −2, 3, 6. ஐந்தால் வகுத்தால் 1, −1, 6, 24. ஆறுக்குப் போனால்தான் 1, 0, 11, 60 என்று குறை எண் மறைகிறது. மூன்றே போதுமான இடத்தில் சோதனை ஆறு கேட்கிறது! உடனே மாணவர்கள் ‘4 மேல் எல்லை அல்ல’ என்று எழுதிவிடுகிறார்கள். இந்தச் சோதனைக்கு ‘ஆம்’ சொல்லத்தான் உரிமை உண்டு. ‘இல்லை’ சொல்ல உரிமை கிடையாது.

1707-இல் அச்சான நியூட்டனின் இயற்கணித நூலில் இதைவிடக் கூர்மையான வழி இருக்கிறது. கிடைத்த ஈவையே அதே எண்ணால் மறுபடி மறுபடி வகுத்து, மீதிகளை மட்டும் பார்க்க வேண்டும். மூன்றால் வகுத்தால் முதல் ஈவு 1, −3, 2, மீதி 0. அடுத்த ஈவு 1, 0, மீதி 2. அதற்கடுத்த மீதி 3. எதுவும் குறை எண் இல்லை, எல்லை 3. மூலங்கள் எல்லாம் மெய்யெண்களாக இருந்தால் இந்த வழி மிகப் பெரிய மூலம் வரை நெருங்கிவிடும். கூடுதல் வேலை இரண்டு வரிதான். படி உயர உயரக் கூட்டல் பெருகும் என்பது உண்மையே.

எல்லை தரும் இன்னொரு வழியான கோஷியின் சூத்திரத்துக்குத் தொகுமுறை வகுத்தலே வேண்டாம். தலைக்கெழுவால் வகுத்த கெழுக்களில் அளவில் பெரியதோடு 1 கூட்டினால் போதும்: இங்கே 12. கலப்பெண் மூலங்களையும் சேர்த்து அடக்கும் சூத்திரம் அது. ஆனால் குறியைப் பார்ப்பதில்லை. குறை மூலமே இல்லாத நம் கோவைக்கும் −12 வரை தேடச் சொல்கிறது. 1 முதல் 20 வரையுள்ள எண்களை மூலங்களாகக் கொண்ட வில்கின்சனின் கோவைக்கு அது தரும் எல்லை ஏறத்தாழ 1.38 × 10¹⁹. ஜப்பானியக் கணிதர் ஃபுஜிவாரா 1916-இல் தந்த சூத்திரமோ 420-இல் நிற்கிறது. பாதி பாதியாக வெட்டித் தேடும் கணினிக்கு இந்த வித்தியாசம் சுமார் 55 கூடுதல் வெட்டுகள்தான். தாளில் போடுபவருக்குக் கோஷி தரும் எல்லையால் ஒரு பயனும் இல்லை.

ஆசிரியர்கள் தொகுமுறை வகுத்தலை முதல் வரிசையோடு நிறுத்தாமல், நியூட்டன் காட்டிய அடுத்த வரிசைகளையும் போட்டுக் காட்ட வேண்டும். அதற்கு நேரமில்லையென்றால், சோதனை தோற்ற இடத்தில் ‘முடிவு தெரியவில்லை’ என்று எழுதவாவது பழக்குங்கள்.