பாட்டு என்ன சொன்னது?

நீலகிரியில் ஒரு கல்லூரியின் கல்ச்சுரல்ஸ். எந்தக் கல்லூரி என்பது முக்கியமில்லை. கோவையோ சென்னையோ, எங்கே போனாலும் இதே காட்சிதான்.

சினிமாப் பாட்டுக்குப் பறந்த விசில் ஓய்ந்ததும் மைக் பிடித்த மாணவி அறிவித்தார்: 'அடுத்து, நம் மண்ணின் பாரம்பரியத் தோடர் நடனம்!' சிவப்பும் கறுப்புமாக நூல்வேலை செய்த பூத்துக்குளி போர்த்தி எட்டு மாணவர்கள் வந்தார்கள். கைகோத்து, நிதானமாக அடி வைத்துப் பாடினார்கள். அஞ்சு நிமிஷம். அரங்கமே செல்போனைத் தூக்கிப் பிடித்தது. பின்வரிசையில் 'ஓ'வென்று கூச்சல். முடிந்ததும் மேடையில் சால்வை போர்த்தினார்கள். சால்வைக்கு மேல் சால்வை!

வெளியே டீக்கடையில் அந்த எட்டுப் பேரில் ஒருவரைப் பார்த்தேன்.

'தம்பி, அந்தப் பாட்டுக்கு என்னப்பா அர்த்தம்?'

'நீங்கதான் சார் முதல்ல கேக்கறீங்க. எங்க பெரியப்பா கட்டினது. எங்க மந்துல எருமை கொறஞ்சு போனதைப் பத்தின பாட்டு.'

எனக்குச் சுருக்கென்றது. ஒரு ஊரின் இழப்புக்கு நாங்கள் உற்சாகமாகக் கை தட்டியிருக்கிறோம்.

தோடர் கலையின் உயிர் சொல்லில் இருக்கிறது. 1935 முதல் 1938 வரை இங்கே தங்கி ஆய்வு செய்த மொழியியலாளர் எமனோ அதைத்தான் கண்டார். சின்னச் சின்னச் சொற்றொடர்கள் ஜோடி ஜோடியாக வரும். சந்தர்ப்பத்துக்கு ஏற்றபடி அங்கேயே பாட்டுக் கட்டுவார்கள். அவர் சேகரித்த தோடர் பாடல்கள் 1971-ல் ஆக்ஸ்ஃபோர்டு வெளியீடாக வந்தன. தடித்த புத்தகம். எங்கிருந்தோ வந்த ஒருவர் மூன்று வருஷம் உட்கார்ந்து கேட்டார். பக்கத்து பெஞ்சுக்காரர்களான நமக்கு மூன்று நிமிஷம் கேட்கப் பொறுமை இல்லை.

மாணவர்களை மட்டும் குற்றம் சொல்ல மாட்டேன். இந்தியப் பல்கலைக்கழகங்கள் சங்கத்தின் இளைஞர் விழாக்களுக்கென்று பல காலமாகச் சுற்றில் இருக்கும் விதிகளைப் படித்தால் நோய் எங்கே என்று புரியும். நாட்டுப்புற நடனமும் பழங்குடி நடனமும் ஒரே போட்டி. பத்துப் பேருக்கு மேல் கூடாது. பத்து நிமிஷத்தைத் தாண்டக் கூடாது. மதிப்பீடு எதற்கெல்லாம்? தாளம், அணி அமைப்பு, முகபாவம், உடை, ஒப்பனை, மேடை அமைப்பு, மொத்தத் தோற்றம். பாட்டின் வரிகள்? அதை எழுதி விண்ணப்பத்தோடு மூன்று பிரதி இணைத்துவிட வேண்டும். ஃபைலுக்கு!

நான் பி.காம். படித்தவன். எதற்குக் கணக்கு உண்டோ, உழைப்பு அங்கேதான் போகும் என்பது எனக்குத் தெரியும். உடைக்கு மார்க், சொல்லுக்குச் சைபர் என்றால் பையன்கள் எதை மெருகேற்றுவார்கள்?

தோடர் எம்பிராய்டரிக்கு 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. நல்ல விஷயம். துணிக்கு அடையாளம் வந்துவிட்டது. சொல்லுக்கு? தோடர் மொழியையும் கோத்தர் மொழியையும் யுனெஸ்கோவின் மொழி அட்டவணை மிக மோசமான ஆபத்தில் இருப்பவை என்று வகைப்படுத்தியிருக்கிறது.

உடுப்புதான் அடையாளம் என்று ஆகிவிட்டால் இன்னொரு கூட்டம் மேடைக்கே வர முடியாது. அன்றைக்கு அதே டீக்கடையில் கூடலூர் பக்கத்து எஸ்டேட் மாணவி ஒருவரும் இருந்தார். 1964 சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்தால் இலங்கையிலிருந்து வந்த குடும்பம். அந்த ஒப்பந்தப்படி இந்தியா ஏற்க ஒப்புக்கொண்டது 5,25,000 பேரை. அவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் 1968-ல் அரசுத் தேயிலைத் தோட்டங்கள் ஆரம்பமாயின.

'நீ எதுவும் பண்ணலையாம்மா?' என்றேன்.

'சினிமாப் பாட்டுக்கு ஆடினேன் சார். எங்களுக்குன்னு தனியா டிரஸ் எதுவும் இல்லையே.'

இலங்கை மலையகத்தில் ராத்திரி முழுக்கக் காமன் கூத்து ஆடிய ஜனங்களின் பேத்தி சொல்கிறார் இதை! பாட்டி பாடிய பாட்டும் கப்பல் ஏறி வந்த கதையும் கலாசாரம் இல்லையா? அவரிடம் யாரும் கேட்கவில்லை. அதனால் அவரும் தேடவில்லை.

'மேடை கிடைத்ததே பெரிசு, இதில் குறை சொல்லணுமா?' என்று சிலர் கேட்பார்கள். ஊட்டி அரசு கலைக் கல்லூரி வளாகத்தில் ஸ்டோன் ஹவுஸ் என்று ஒரு பழைய கட்டடம் இருக்கிறது. 1822-ல் கலெக்டர் சல்லிவன் கட்ட ஆரம்பித்தது. தோடர்களிடமிருந்து வாங்கிய நிலம் அது. நான் சொன்ன விழா அங்கே நடந்ததல்ல. ஆனால் இந்த மலையில் படிப்பு யாருடைய நிலத்தில் கால் ஊன்றியது என்பதை மறக்கக் கூடாது. அவர்களுக்கு அஞ்சு நிமிஷம் கொடுப்பதைத் தயவு என்று எப்படிச் சொல்வது?

பெரிய செலவு எதுவும் வேண்டாம். ஆடுவதற்கு முன்னால் அந்த மாணவர்களில் ஒருவர் மைக்கைப் பிடித்து, இது என்ன பாட்டு, யார் கட்டியது, எப்போது பாடுவார்கள் என்று இரண்டு நிமிஷம் தமிழில் சொல்லட்டும். சடங்குக்கு மட்டும் உரியது, மேடைக்குத் தர மாட்டோம் என்றால் அதையும் அவர்களே சொல்லட்டும். எஸ்டேட் பிள்ளைகளிடம் வீட்டிலிருந்து ஒரு பாட்டுக் கேட்டு வரச் சொல்லுங்கள். விதிப் புத்தகத்தில் சொல்லுக்கும் மார்க் போடுங்கள்.

அடுத்த முறை நானும் கை தட்டுவேன். பாட்டு என்ன சொன்னது என்று தெரிந்த பிறகு. ஒருவேளை, அது கை தட்டக் கூடாத பாட்டாகவும் இருக்கலாம்.