சக்கரத்தை அவிழ்க்கும் கலை

குலசேகரத்தில் பால்வெட்டுக்குப் புறப்பட்டவர்களின் தலைவிளக்குகள் ரப்பர் மரங்களிடையே அசைந்துகொண்டிருந்த ஒரு வைகறையில், ஷீட் உலர்த்தும் புகைக்கூடம் கட்டுவதற்காக நண்பர் கணினியில் வகுத்திருந்த வேலை அட்டவணையைப் பார்த்தேன். கூரை எழும்பினாலன்றிப் பொறியாளரின் சான்று இல்லை, சான்றின்றிக் கடன் தவணை இல்லை, தவணையின்றிக் கூரை இல்லை என்று மூன்று வரிகள் சிவந்து நின்றன. இத்தகைய தோஷம் இரண்டுக்கிடையே நேர்ந்தால் அன்யோன்யாசிரயமென்றும், மூன்றாகச் சுழன்றால் சக்கரகமென்றும் நம் நியாய சாஸ்திரத்தார் என்றோ பெயரிட்டுவிட்டார்கள்.

அதைக் கண்டுபிடிக்கும் உபாயத்தின் எளிமை என்னை வசீகரிக்கிறது. 1962-ல் ஆர்தர் கான் வெளியிட்ட முறைப்படி, எதற்கும் காத்திராத வேலையை முதலில் ஒதுக்கி, அதனால் விடுபட்டவற்றை அடுத்து ஒதுக்கி, இவ்வாறே சென்று, இனி ஒதுக்க எதுவுமில்லை என்னும் நிலையிலும் சில வேலைகள் மிஞ்சுமாயின், சக்கரம் அவற்றுக்குள்ளேதான் ஒளிந்திருக்கிறது. சக்கரத்தின் பின்னே வீணாகக் காத்துக் கிடக்கும் நிரபராதிகளும் அக்கூட்டத்தில் உண்டாகையால், எஞ்சியதொன்றைப் பற்றிக்கொண்டு, அது காத்திருப்பது எதற்காக, அந்த ஒன்று காத்திருப்பது எதற்காக என்று பின்னோக்கி நடந்தால், முன்பு கண்ட பெயரே மீண்டும் எதிர்ப்படும் இடத்தில் வளையம் அகப்படும்.

தீர்ப்பதோ மனித விவேகம். கைக்கு வந்த கண்ணியை அறுத்தால் சிவப்பு மறையும். பொய்யான அட்டவணை மிஞ்சும். நண்பர் அவசரப்படாமல் ‘கூரை’ என்ற வரியை மரச்சட்டம், ஓடு என இரண்டாகப் பிரித்தார். சான்றுக்குச் சட்டமே போதும், சட்டத்துக்குக் கையிருப்பே போதும், தவணைக்குக் காத்திருந்தது ஓடு மாத்திரமே. அட்டவணையின் பட்டைகள் படிக்கட்டுப்போல் ஒன்றன்கீழ் ஒன்றாக இறங்கின. வெளியே பால் வாளிகள் வந்துகொண்டிருந்தன.