தொப்பி, தம்புரா, மூன்று இன்-இயர் ஹெட்போன்கள்

உத்திரமேரூர் மாதிரி ஊரில் இருந்து விலையுயர்ந்த இன்-இயர் வாங்குபவர், கடையில் கேட்டுப் பார்த்து வாங்க முடியாது. விமர்சனத்தை நம்பித்தான் காசு போடணும். அந்த விமர்சனங்களோ பெரும்பாலும் மேற்கத்திய பாப், ராக் கேட்டு எழுதியவை. கர்நாடகக் கச்சேரிக்கு அளவுகோல் வேறு.

என் அளவுகோல் மூன்று. மிருதங்கத்தின் தொப்பியில் எழும் கும்கிக்கு ஆழமான பேஸ் வேண்டும். வலந்தலையின் மேற்சுரங்கள் அடிச்சுருதியின் மடங்குகளாக அமைவதை சி.வி. ராமன் 1920-லேயே எழுதிவிட்டார். அந்தச் சுருதிச் சுத்தம் கேட்க நடுப்பகுதி கலங்காமல் இருக்கணும். தம்புராவின் ஜீவா நூல் தரும் ரீங்காரத்துக்கு ட்ரெபிள் வேண்டும்.

எட்டிமோட்டிக் ஈஆர்4 (1991-இல் தொடங்கிய வரிசை, ஒரே ஆர்மேச்சர் டிரைவர்): ரீங்காரம் இழை இழையாகக் கேட்கும், வலந்தலை சுத்தம். தொப்பி மட்டும் சட்டுன்னு நின்னுடும்.

ஷூர் எஸ்இ846 (2013, நான்கு ஆர்மேச்சர்): தொப்பிக்குச் சதை வந்துவிட்டது. ஆனா தம்புரா திரைக்குப் பின்னால் போய்விடுகிறது.

சென்ஹைசர் ஐஇ 900 (2021, 7 மி.மீ. டைனமிக் டிரைவர் ஒன்று): கும்கி வளைந்து எழுந்து நிதானமாக அடங்குகிறது. ரீங்காரமும் உண்டு. பாடகர் மட்டும் ஓரடி பின்னால் நிற்கிறார்.

டிரைவர் எண்ணிக்கை எதையும் சொல்வதில்லை என்பது இதிலேயே தெரியும்: ஒற்றை டிரைவர் உள்ள இரண்டும் நேரெதிராக ஒலிக்கின்றன. விலையும் அப்படித்தான். தனி ஆவர்த்தனப் பிரியர்களுக்கு ஐஇ 900. வாய்ப்பாட்டுதான் உயிர் என்றால், விலை பாதிகூட இல்லாத ஈஆர்4 போதும். எந்த இசையைக் கேட்டு எழுதியது என்று சொல்லாத விமர்சனத்தை நம்பிக் காசைப் போடாதீங்க.