மாசித் தேன்

மார்த்தாண்டத்துத் தேனின் பெயரை எடுத்தாலே, மலைத்தேனுக்கு அது ஈடாகுமா என்று கேட்கும் நண்பர்கள் எனக்குச் சிலர் உண்டு. பாறை விளிம்பில் கயிற்றில் தொங்கி எடுத்தது என்ற வீரகதையையும் சேர்த்தே அவர்கள் அதை நக்குகிறார்கள். கதையை விலக்கி நாக்கை மட்டும் சாட்சியாக வைத்துக்கொண்டால், மெழுகும் மகரந்தமும் சில வேளை புழுவின் சாறும் கலந்து வரும் அந்தக் கரிய திரவத்தைக் காட்டிலும், பெட்டி ஈயின் தெளிந்த மாசித் தேனே உயர்ந்தது என்பது என் அபிப்பிராயம். கொம்புத்தேன்காரர்களோடு எனக்கு அவ்வளவு விரோதம் இல்லை. சிறுதேனை மருந்துப் பெட்டிக்கே விட்டுவிடலாம்.

மாசியில் எடுக்கும் இது ரப்பர்த் தேன். பூவில் பிறக்காதது தேனா என்று அதைக் குறைகூறுவோர் வேறொரு கட்சி. இலையுதிர்ந்து நின்ற மரங்கள் தையில் செம்பழுப்பாகத் துளிர்க்க, மூன்று சிற்றிலைகள் காம்போடு கூடும் இடத்தில் கசியும் இனிப்புநீரைத்தான் ஈ இங்கே தேனாக்குகிறது என்பது உண்மையே. ஆனால் பூவின் வாசனை முந்திக்கொண்டு வந்து நாவை மறைக்காத காரணத்தாலேயே, ஈயின் கைவண்ணம் இதில் கலப்பில்லாமல் புலப்படுகிறது என்று நான் வாதிடுவேன். சீக்கிரம் உறைந்து மணல்மணலாக நிற்பதைக் கண்டு சர்க்கரை கலந்தது என்று திருப்பிக் கொடுப்பவர்களிடம் வாதிட்டுப் பயனில்லை. உறைவது அதன் சுபாவம்.

அருமனைப் பக்கத்தில் மூன்று தலைமுறையாகப் பெட்டி வைத்திருக்கும் குடும்பம் ஒன்றின் தேனைத்தான் நான் விரும்பி வாங்குவது. திருவிதாங்கூர் நாளில், ஸ்பென்சர் ஹாட்ச் மார்த்தாண்டத்தில் நடத்திய ஒய்.எம்.சி.ஏ. கிராம மையத்தில் வித்தை கற்றவர் பாட்டனார். பாதிரியார் நியூட்டன் வகுத்த அதே ஏழு சட்டப் பெட்டியைத்தான் பேரனாகிய பெரியவர் இன்றும் கையாளுகிறார். அவர் மேல்தட்டிலிருந்து ஒரு சட்டத்தை உருவி, முகமூடியும் இல்லாமல், காலை வெயிலுக்குச் சாய்த்துப் பிடித்து, அறைகளின் மீது வெண்மெழுகு மூடி எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்று பார்க்கும் பார்வை இருக்கிறதே, அதற்காகவே நான் அங்கே பலமுறை போயிருக்கிறேன். விளிம்பு மூடியிருந்தால் போதாது. நடுவும் மூட வேண்டும். கீழ்க்கோடியில் நாலைந்து அறைகள் திறந்திருந்தால் மன்னிப்பார், அதற்கு மேல் இருந்தால் சட்டம் பேசாமல் பெட்டிக்குத் திரும்பிவிடும். ரப்பர்த் தேனில் இயல்பாகவே ஈரம் மிகுதியாகையால், ஈ சிறகால் விசிறி வற்றவைத்து முத்திரையிடும் வரை பொறுக்காதவன் எடுப்பது சில மாதங்களில் நுரைத்துப் புளிக்கும். "ஈ மூடாததை எடுத்தால் அது தேனில்லை சாரே, வெள்ளம்" என்பார்.

இந்தப் பொறுமை வசதியுள்ளவன் கொண்டாடும் ஆடம்பரம் அன்று. 1991-92இல் புழுக்களைத் தாக்கிய தாய் சாக்புரூட் நச்சுயிரி தென்னாட்டுப் பெட்டிகளைச் சூறையாடியபோது, அறைக்குள் தலை நிமிர்ந்தபடியே நீர்ப்பையாகிச் செத்த புழுக்களை அடை அடையாக எரித்த வீடுதான் இதுவும். மருந்தில்லாத அந்த நோய்க்குப் பின் பலர் தொழிலையே விட்டார்கள். சிலர் அதிகத் தேன் சேர்க்கும் இத்தாலிய ஈயை வரவழைத்தார்கள். இவர்களோ தப்பிப் பிழைத்த சொற்பக் கூடுகளை மட்டும் பிரித்துப் பிரித்து, அவற்றிலிருந்தே இராணிகளை வளர்த்து, பழைய ஈயைத் திரும்ப நிலைநிறுத்தினார்கள். இத்தாலிய ஈயின் தேன் மட்டம் என்று நான் சொல்லவில்லை. எனக்கு அதில் ஈடுபாடு இல்லை, அவ்வளவுதான்.

இப்போதைய க்ஷீணம் கொள்ளைநோய் போல் ஒரே மூச்சில் வருவதன்று. புளியும் முருங்கையும் நின்ற வீட்டுத் தோட்டங்கள் மனைகளாகிவிட்டபடியால், துளிர் முற்றிச் சுரப்பு நின்ற பிறகு ஈக்கு உண்ண வழியில்லை. ஆடி மழையில் பட்டினி கிடக்கும் கூடு ஒருநாள் சொல்லாமல் பறந்துவிடுகிறது. அந்த மாதங்களில் சர்க்கரைப் பாகு ஊட்டித்தான் காப்பாற்ற வேண்டியிருக்கிறது. பெரியவரின் மருமகள்தான் இப்போது கூடு பிரிப்பதும் பாகு வைப்பதும். ஊட்டிய பாகின் ஒரு சொட்டும் விற்பனைத் தேனில் சேரக்கூடாது என்று, மேல்தட்டுகளைக் கழற்றி வைத்துவிட்டே அவர் பாகு ஊற்றுகிறார். துளிர்காலத்திலும் பாகு ஊற்றி, வாரந்தோறும் சட்டத்தைச் சுழற்றிப் பீப்பாய் நிரப்பும் புதுச் சாமர்த்தியசாலிகளின் சரக்கும் அதே ஊர்ப் பெயரில்தான் விலைபோகிறது. 2023இல் புவிசார் குறியீடு கிடைத்ததில் எனக்கும் சந்தோஷமே. ஆனால் குறியீடு ஊரைச் சொல்லுமே தவிர, அடை மூடியிருந்ததா என்பதைச் சொல்லாது.

ஆகவே வாங்குவோர் ஊர்ப் பெயரோடு நில்லாமல் மாசி எடுப்பா என்று கேட்டு வாங்குவது நல்லது. முதல் எடுப்பில், முன்பு ஊட்டிய பாகின் மிச்சம் இருந்தாலும் இருக்கலாம் என்று அந்த வீட்டார் அதை ஈக்கே விட்டுவிடுகிறார்கள். பங்குனியில் கோடைமழை விழுந்துவிட்டால் கடைசி எடுப்பு நீர்த்துவிடும். மாசியிலும் பனி அதிகமான வருஷத்தில் அவர்கள் சிலருக்கு இல்லை என்று சொல்லிவிடுவதுண்டு. போன வருஷம் எனக்கும் சொன்னார்கள்.